ஓலைக் குடிசைக்குள் கேட்ட மோடம்

போன வாரம் நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி ஒரு சத்தத்தைப் போட்டு, இது என்ன சத்தம், கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாள். ஆளுக்கொன்று சொன்னீர்கள். கெட்டுப்போன மிக்ஸி என்றாள் ஒருத்தி. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிற சத்தம் என்றான் ஒருவன். ‘எங்க வூட்டுக்காரர் கொறட்ட, உன் கைக்கு எப்படிக் கெடச்சுது’ என்று இன்னொருத்தி எழுத, அதற்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் சிரிப்புப் பொம்மைகளாகவே வந்துகொண்டிருந்தன. சரியான விடையை யாரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாயாலேயே போட்டுக் காட்டுவேன். தெரிந்தும் எழுதவில்லை. வகுப்பிலும் நான் கை தூக்கினதில்லை என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தெரிந்த விடையை வாயைத் திறந்து ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

அதே குரூப்பில் ஆறாம் வகுப்பு போட்டோவும் வந்தது. கச்சிராயபாளையம் பள்ளிக்கூடத்து மரத்தடியில் எல்லோரும் வரிசையாக நிற்கிறீர்கள். ‘நீ எங்கடி நிக்கற, பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன்’ என்று உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள். நான் அதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்து நீங்கள் அதை மறந்திருப்பது நியாயம்தான். உங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போகிறார்கள். நான் பேத்தி எடுத்துவிட்டேன். நாற்பதைத் தொடுவதற்குள் என் வீட்டில் எனக்குக் கிழவி என்று பேர். முட்டி வலிக்கிறது, முன்மயிர் வெளுத்துவிட்டது. அதனால் எனக்கும் அந்தப் பேர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். ரோட்டு மேலேயே, டவுன் பஸ் நிற்கிற புளியமரத்துக்கு எதிரில். பின்னால் கரும்பு, அதற்கும் பின்னால் கல்வராயன் மலை. வீட்டுக்குப் போன் வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு எப்போது என்று அப்பா சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீசைக் கேட்டுக்கொண்டே இருப்பார். அவருக்குக் கிட்டத்துப் பார்வை கம்மி, பொத்தானில் எண் தெரியாது. அதனால் போன் போடுவது என் வேலை. பேசுவது என் வேலையில்லை. எண்ணைப் போட்டு, அந்தப் பக்கம் மணி அடித்ததும் அப்பா கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இரண்டு வருஷத்தில் போனின் சத்தமெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. எடுத்துக் காதில் வைத்ததும் ‘ங்ங்ங்’ என்று விடாமல் ஒரு சத்தம் வரும். முதல் எண்ணைப் போட்டதும் அது நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் உள்ளே யாரோ எண்ணுவது மாதிரி கட கட என்று போகும். நாலுக்கு நாலு கட, ஒன்பதுக்கு ஒன்பது கட. பூஜ்யத்துக்குத்தான் ஜாஸ்தி, பத்து.

அப்பாவுடைய கடைசித் தம்பி, என் சித்தப்பா, கள்ளக்குறிச்சியில் பட்டம் வாங்கி, அங்கேயே கம்ப்யூட்டர் கிளாசும் முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். நச்சரித்து நச்சரித்து அப்பாவை ஒரு கம்ப்யூட்டர் வாங்க வைத்தார். அது ஒரு மினி வேனில் வந்தது. போன் இருந்த பக்கத்து அறையில் வைத்தார்கள். அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது வந்த தெர்மாகோல் வாசனை ஒரு வாரம் அந்த அறையை விட்டுப் போகவில்லை. அப்பாவின் அக்கா, எங்களோடேயே இருந்த அத்தை, தன் பழைய பூப்போட்ட புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்துப் போட்டாள். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் தாலியை இழந்து வந்தவள் அத்தை. அவளிடம் பூப்போட்ட புடவை அது ஒன்றுதான் இருந்தது.

வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் எல்லோரும் மெயிலில்தான் கூப்பிடுகிறார்கள், அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது, வீட்டிலேயே நெட் வைத்துவிட்டால் தேவலை என்று சித்தப்பா சொன்னார். அந்தக் கோடை லீவில் ஒருநாள் மத்தியானம், போன் லைன் வழியாக நெட்டைக் கொண்டுவருகிற மோடத்தை வாங்கிவந்தார். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. நெற்றியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்கு. போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி இதன் முதுகில் சொருகி, இதிலிருந்து இன்னொரு ஒயரைப் போனுக்குக் கொடுத்தார்.

மறுநாள் நான் வயதுக்கு வந்தேன்.

தாய்மாமன் தியாகதுருகத்திலிருந்து வந்து பச்சைத் தென்னை ஓலையில் குடிசை கட்டினார். நிழல் இருக்கும் என்று பக்கத்துச் சந்தில், அந்த அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே கட்டிவிட்டார். பதினாறு நாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாய், தலைமாட்டில் ஒரு பழைய அரிவாள். ஆம்பளைகள் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது, நான் அவர்களோடு பேசக் கூடாது. விடிந்ததும் அம்மா பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கிறவரை வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு உளுத்தங்களி. மலைக்காரர்கள் பலாப்பழம் கொண்டுவருகிற சமயம் அது. வீடு முழுக்க அந்த வாசனை. எனக்கு மட்டும் சூடு என்று கொடுக்கவில்லை.

குடிசைக்குள் உட்கார்ந்துகொண்டு கேட்கத்தான் முடியும். எல்லாம் கேட்டேன். விடிந்ததும் அத்தை முற்றத்தில் அன்றைக்குச் சோற்றுக்கு அரிசி புடைக்கிற சத்தம். கல் பொறுக்கிக் குண்டானில் கொட்டுகிற சத்தம். எட்டேகால் டவுன் பஸ். தலைக்கு மேலே ஜன்னலில் சித்தப்பாவின் மோடம்.

அது முதலில் ‘ங்ங்ங்’ என்னும். பிறகு பீ பூ பீ பீ பூ என்று என்னமோ பாடும். திரும்பவும் ‘ங்ங்ங்’. கொஞ்ச நேரம் கழித்து டக் என்று நிற்கும். சித்தப்பா நாற்காலியைப் பின்னால் தள்ளுவார். மறுபடி முதலிலிருந்து. ஒருநாளைக்கு இருபது தடவை, முப்பது தடவை.

“இன்னாடா, பொட்டி பேசுச்சா?” என்று அப்பா வெளியிலிருந்து கேட்பார்.

“வரும்ணா. லைன் பிஸி.”

“நம்ம ஊர்ல கீறதே நாலு போனு. அதுல எவன்டா பிஸி?”

ஐந்தாவதோ ஆறாவதோ நாள் நம் பெரிய டீச்சர் வந்தார். என்னுடைய டி.சி.யை அவரே எழுதி எடுத்துவந்திருந்தார். நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தோடு முடிந்துவிடும், ஆறாவதுக்கு பஸ் ஏற வேண்டும் என்பதால் எல்லோருக்கும் டி.சி. கொடுத்தாகிவிட்டது, என்னுடையது மட்டும்தான் பாக்கி. அப்பா என்னை நிறுத்தப் போவதாக அவர் காதுக்கு எட்டியிருந்தது.

அவர்கள் பேசியது ஜன்னலுக்குள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

“நல்லாப் படிக்கற பொண்ணுங்க. அஞ்சாவதோட நிறுத்தாதீங்க” என்றார் டீச்சர்.

“படிக்க வேணாம்னு நான் இன்னா சொன்னேன் டீச்சர்? வயசுக்கு வந்த பொண்ண அந்த பஸ்ல எப்படி அனுப்பறது? படிக்கட்டுல எவன் எவன் தொங்கிக்கினு வரான்னு நீங்களே பாத்துக்கினுதான வரீங்க.”

“அந்த பஸ்லதாங்க நானும் வரேன். பொண்ணுங்க பத்துப் பேர் ஒண்ணாப் போவுதுங்க. ஒண்ணும் ஆவாது.”

அப்பாவுக்கு முன்னால் சித்தப்பா பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

“அண்ணா, நெட்டு வந்துட்டா வூட்லயே எல்லாம் படிக்கலாம்ணா. ஒலகத்துல கீற அத்தன பாடமும் அதுல கீது. நானே உக்காந்து சொல்லிக் குடுக்கறேன். பஸ்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

டீச்சர் சிரித்தார். “அது மொதல்ல வேல செய்யட்டும் தம்பி. ஒரு வாரமா கத்திக்கினுதான் கீதாமே, தெருவே சொல்லுது.”

அப்பாவும் சிரித்தார். அப்புறம் அவருடைய பஞ்சாயத்துக் குரல் வந்தது. “சரி டீச்சர். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள இந்தப் பொட்டி பேசுச்சுன்னா, பொண்ணு வூட்லயே படிக்கட்டும். பேசலன்னா, தொறக்கற அன்னிக்கு நானே அத பஸ் ஏத்தி வுடறேன்.”

“வாக்கு மாற மாட்டீங்களே?”

“நான் எப்ப மாறினேன்?”

டீச்சர் டி.சி.யைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். போகிறபோது சந்துப் பக்கம் வந்து, ஓலைக்கு வெளியே நின்று, “யூனிபாரம் துணி எடுத்துத் தைக்கச் சொல்லு உங்கம்மாவ” என்றார். அவருக்கு அவ்வளவு நிச்சயம். எனக்கும் நிச்சயமாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டி பேசாது. எனக்கு வேண்டியதெல்லாம் அது இன்னும் பத்து நாள் பேசாமல் இருப்பதுதான்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவை மோடம் டக் என்று நிற்கும்போதும் ஒன்று என்று எண்ணிக்கொண்டேன். ஓலை காய ஆரம்பித்திருந்தது. பச்சை வாசனை போய் வைக்கோல் வாசனை வந்தது. காற்றடித்தால் சலசலவென்று அது ஒரு சத்தம். அம்மா யூனிபாரம் துணி எடுத்துவிட்டாள். தாவணி இல்லாத நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. தையற்காரரிடம் கொடுக்காமல் மடித்து வைத்திருந்தாள்.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர் கள்ளக்குறிச்சியிலிருந்து வந்தார். ஒரு மத்தியானம் முழுக்க இருந்தார். கழற்றினார், மாட்டினார். பீ பூ பீ பீ பூ. ‘ங்ங்ங்’. டக்.

“மோடம் அவுட்டு தம்பி. கடைக்கு எடுத்தாந்து குடுத்துடுங்க. வேற வரவழைக்கறேன். மெட்ராஸ்லருந்து வரணும், ஒரு மாசம் ஆவும்.”

ஒரு மாசம் என்றால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நான் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழவில்லை, சிரிக்கவில்லை. நிம்மதியாக இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. மோடம் அவுட் இல்லை. எனக்குத் தெரியும். நான் போன் போடுகையில் முதல் எண்ணிலேயே ‘ங்ங்ங்’ நின்றுவிடும். இது பாடி முடித்த பிறகும் நிற்கவில்லை. அப்படியென்றால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு இது போட்ட எண் போய்ச் சேரவே இல்லை. போன் கட கட என்று எண்ணிச் சொல்கிறது. இது பாட்டாகச் சொல்கிறது. எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு எண்ணத்தான் தெரியும், பாட்டுப் புரியாது. இதையும் கட கட என்று எண்ணச் சொன்னால் போதும். இவ்வளவுதான் விஷயம். பதினோரு வயதில் எனக்கு அது கணக்கு வாய்ப்பாடு மாதிரி தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் சித்தப்பா மோடத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் போய் நின்றார். ஓலை இடுக்கு வழியாக அவருடைய கால் தெரிந்தது. தேய்ந்த செருப்பு. அப்பா ரோட்டைத் தாண்டும்போது, “பாத்துப் போடா, வழில பஸ்ஸுல கத்திடப் போவுது” என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்தடியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் கால் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றது.

அத்தை குடிசை வாசலில் வந்து உட்கார்ந்தாள். காவலுக்கு அவள்தான். ஓலைக்கு உள்ளே இருந்தால் யாருக்கும் என் முகம் தெரியாது. அதனால்தான் பேச வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

“அத்த, அந்தப் பொட்டி நல்லாத்தான் கீது.”

“எந்தப் பொட்டிடி?”

“சித்தப்பா எடுத்துக்கினு போறது. அது கெடல. இன்னா செய்யணும்னு எனக்குத் தெரியும்.”

அத்தை என் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். அத்தை பள்ளிக்கூடமே போனதில்லை. பஸ் போர்டு படிக்கக் கூடத் தெரியாது, பஸ்ஸின் கலரை வைத்து ஏறுவாள்.

“சொல்லாட்டி இன்னா ஆவும்?”

“திருப்பிக் குடுத்துடுவாரு.”

“குடுத்தா குடுக்கட்டுமே.”

“அது கெடல அத்த. சும்மா கெட்டுப் போச்சுங்கறாங்க.”

“அது பேசிடுச்சுன்னா உங்கப்பன் இன்னா சொன்னான்னு கேட்டுக்கினுதான இருந்த?”

“கேட்டேன்.”

“கேட்டுட்டுதான் சொல்றியா?”

எனக்கு விடை தெரிந்திருந்தது. விடை தெரிந்தவள் சொல்ல வேண்டும் என்றுதான் டீச்சர் ஐந்து வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் ஒரு தடவையும் கை தூக்கவில்லை. அதுவும் போக, உலகத்துப் பாடமெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருப்பதாகச் சித்தப்பா சொன்னதைக் கொஞ்சம் நம்பவும் நம்பினேன்.

“சொல்லுங்க அத்த. பஸ் வந்துடும்.”

“இரு. இந்த அரிசியப் பொடச்சிட்டுப் போறேன்” என்று எழுந்து போய், முறமும் அரிசியுமாக வந்து உட்கார்ந்தாள். மெதுவாகப் புடைத்தாள். கையால் அளைந்து அளைந்து கல் பார்த்தாள். பஸ் அன்றைக்கு லேட். இன்னொரு முறம் போட்டாள்.

“அத்த.”

“நெஜமா சொல்லட்டுமாடி?”

“சொல்லுங்க.”

அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பஸ் வளைவில் திரும்புகிற ஹாரன் கேட்டது. “டேய், இங்க வாடா. பொண்ணு ஏதோ சொல்றா” என்று சந்து முனையில் நின்று கூப்பிட்டாள். கால் ரோட்டைத் தாண்டி வந்தது. பஸ் நின்றது, போய்விட்டது.

சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம், நான் ஓலைக்கு இந்தப் பக்கம், நடுவில் அத்தை. நான் சொல்வது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“இன்னான்னு கேளுக்கா.”

“இன்னான்னு கேக்கறான்.”

“போன் கட கடன்னுது. இது பீ பூன்னுது.”

“போன் கட கடன்னுதாம். இது பீ பூன்னுதாம்டா.”

“பாட்டு முடிஞ்சப்புறமும் ங்ங்ங்னு வருது. நம்பர் போவல.”

“ங்ங்ங்னு வருதாம். நம்பர் போவலியாம். எனக்கு ஒரு எழவும் புரியல, உனக்குப் புரியுதாடா?”

சித்தப்பா உள்ளே ஓடுகிற சத்தம். மஞ்சள் பை கசங்குகிற சத்தம். ஒயர் சொருகுகிற க்ளிக். கம்ப்யூட்டரில் என்னமோ மாற்றித் தட்டுகிற சத்தம். ‘ங்ங்ங்’.

கட கட கட கட.

‘ங்ங்ங்’ நின்றுவிட்டது. எண்ணி முடித்தது. தூரத்தில் மணி அடித்தது. அப்புறம் ஒரு கீச்சு, அதற்கு மேல் ஒரு கீச்சு, பித்தளைக் குண்டானில் மணலைக் கொட்டிச் சுழற்றுவது மாதிரி ஒரு கர்ர்ர். குரூப்பில் நீங்கள் கேட்டீர்களே, அதுதான். அதன் முடிவில் எல்லாச் சத்தமும் நின்று அமைதி வரும். அந்த அமைதி வந்தால் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை அதைக் கேட்டதேயில்லை, ஆனாலும் கேட்டதும் தெரிந்தது.

சித்தப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முறையையெல்லாம் மறந்து, “வந்துச்சும்மா, வந்துச்சு” என்றார்.

அப்பா அதை ஊர் முழுக்கச் சொன்னார். கடைக்காரனுக்கே தெரியாததைக் குடிசைக்குள் உட்கார்ந்துகொண்டு என் பெண் கண்டுபிடித்தாள் என்றார். “இதுக்கு ஆறாவது எதுக்கு? அந்தப் பொட்டிக்கே அது வாத்தியாரு.” பெருமையாகத்தான் சொன்னார்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றினார்கள். குடிசையைப் பிரித்துக் கொளுத்தினார்கள். மறுநாள் பள்ளிக்கூடம்.

அன்றைக்கு எட்டேகால் பஸ்ஸில் நீங்கள் எல்லோரும் ஏறினீர்கள். சீருடை புதுசாக இருந்ததால் நடக்கும்போதே மொறமொறவென்றது. உங்களில் ஒருத்தி பஸ் ஜன்னல் வழியாக என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். யார் என்று தெரியவில்லை. நான் அப்போது தாவணி கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் தலையிலிருந்து கனகாம்பரம் ஒவ்வொன்றாக விசைப்பலகை மேல் விழுந்தது.

“இன்னா பாக்கணும், சொல்லு” என்றார் சித்தப்பா.

“பள்ளிக்கூடம்.”

அவர் என்னமோ அடித்தார். ஒரு படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கி வர ஆரம்பித்தது. முதலில் வானம். நம் வானம் இல்லை, வெளுத்த வானம். கொஞ்ச நேரம் வானம் மட்டும்தான். பிறகு ஓட்டுக் கூரையின் முகடு, ஒரு மணிக்கூண்டு, கூரை. கூரைக்குக் கீழே ஜன்னல் வரப்போகிறது, ஜன்னலுக்குள் பிள்ளைகள் தெரிவார்கள் என்று காத்திருந்தேன்.

அப்பா வெளியிலிருந்து வந்து, கரும்பு ஆபீசுக்குப் பேச வேண்டுமென்று போனை எடுத்தார். அதற்குள்ளிருந்து வந்த கர்ர்ரில் காதைப் பொத்திக்கொண்டு கீழே வைத்தார். படம் அங்கேயே நின்றுவிட்டது. கூரை வரைக்கும்தான்.

அப்புறம் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வந்ததெல்லாம் இங்கிலீஷ். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் தெரியாது. சித்தப்பா கொஞ்ச நாள் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆடி முடிவதற்குள் பெங்களூரிலிருந்து அவருக்கு மெயிலில் வேலை வந்தது. போகும்போது, “யாரும் தொடாதீங்க, தீபாவளிக்கு வந்து மேல சொல்லித் தரேன்” என்றார். ஒருநாள் மத்தியானம் மலைப் பக்கமிருந்து இடியோடு மழை இறங்கியது. போன் தானாக ஒரு தரம் ‘டிங்’ என்றது. அறைக்குள் போனால் கருகின வாசனை. மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. போனை லைன்மேன் வந்து சரிசெய்தார். மோடம் அவர் வேலை இல்லை. அதோடு வந்த சி.டி.யை அப்பா கயிற்றில் கட்டிக் கம்பங்கொல்லையில் கிளி விரட்டத் தொங்கவிட்டார். வெயிலில் நன்றாக மின்னியது.

அடுத்த ஜூன் மாதம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீச்சருக்கு மாற்றலாகிவிட்டது. ஒரு வருஷம் பின்தங்கிச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார எனக்கும் கூச்சம். நீலத் துணியை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். பதினாறில் கல்யாணம். டி.சி. கம்ப்யூட்டர் மேஜை இழுப்பறையிலேயே கிடந்து, பிறகு ஆதாருக்குப் பிறந்த தேதி கேட்டபோது கிடைத்தது. மேல் வகுப்புக்குப் போகத் தகுதி உண்டா என்று ஒரு கட்டம் இருக்கிறது. உண்டு என்று டீச்சர் பச்சை மையில் எழுதியிருக்கிறார்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. சொன்ன வாக்கை அவர் மாறவில்லை. சித்தப்பா இப்போதும் போன் செய்தால், அன்றைக்கு நீ சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அந்த வேலையே இல்லை என்பார். ஆமாம் சித்தப்பா என்பேன். அதில் எனக்குச் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மரத்துப் போன இடத்தைத் தொட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

அத்தை செத்து எட்டு வருஷம் ஆகிறது. குரூப்பில் அந்தச் சத்தத்தைக் கேட்ட அன்றைக்கு எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது.

குடிசையில் இருந்த நாளெல்லாம் எனக்கு எல்லாச் சத்தமும் தெரியும் என்று சொன்னேனே. சித்தப்பா மஞ்சள் பையோடு பஸ்ஸுக்கு நின்ற அன்றைக்கும், விடிந்ததும் அத்தை முற்றத்தில் அரிசி புடைத்ததைக் கேட்டேன். கல் பொறுக்கிக் குண்டானில் கொட்டியதையும் கேட்டேன். அதே அரிசியைத்தான் பஸ் வருகிற நேரத்துக்குத் திரும்ப முறத்தில் எடுத்துவந்து, என் எதிரில் உட்கார்ந்து, ஒரு முறத்துக்கு இரண்டு முறமாகப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் எழுந்து போன பிறகு நான் அந்த இடத்தைப் பார்த்தேன். கீழே ஒரு உமி இல்லை, ஒரு கல் இல்லை. நல்ல அரிசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.